கழுதைக்கு அடுத்த வாரம்

நெவே ஷாகேத், இஸ்ரேல்
29 மே 2016

அன்புள்ள மிர்த்தா அக்கா,

போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் இதைக் கம்ப்யூட்டரில் கடிதமாகவே அனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படு.

எங்கள் சபை பதினொரு வருடமாக, குண்டு விழுந்தால் ஒதுங்கும் நிலவறையில்தான் தொழுகிறது. நாற்பது குடும்பம், ஒரு மின்விசிறி, ஜன்னலே கிடையாது. எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் மழலையர் பள்ளிக் கட்டடத்தைக் கேட்டிருக்கிறோம். கொடுப்பதா வேண்டாமா என்று ஆகஸ்ட் ஒன்றாம் தேதி நகரசபையில் ஓட்டெடுப்பு. பதின்மூன்று உறுப்பினர்களில் ஆறு பேர் நம் பக்கம். மற்ற ஏழு பேருக்கும் தலைவர் யார் தெரியுமா? நான் மசாலா வாங்கும் கடைக்காரர் புஸாக்லோ. அடுத்த தெரு மொரோக்கோக்காரர்களின் ஜெபஆலயத்தில் எல்லாம் அவர்தான்.

மிளகாய்ப்பொடியை நிறுத்துக்கொண்டே சொல்கிறார்: "உங்களுக்கு எதுக்கு ஜெபஆலயம், நெஹாமா? ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து பாட்டுப் பாட ஒரு கூடம் கேளுங்க, நானே கை தூக்குறேன். சொந்தமா ஒரு தோராச் சுருள்கூட இல்ல. எல்லாம் அமெரிக்காவுலேர்ந்து இறக்குமதி!"

"அமெரிக்கா இல்லைங்க, அர்ஜென்டினா" என்றேன்.

"அது இன்னும் தூரம்" என்கிறார்.

வேதச் சுருள் விஷயத்தில் அவர் சொல்வது உண்மைதான். இரவல் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உங்கள் ஜெபஆலயத்தில் ஆறு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று தருவீர்களா? ஜூலை 23, சனிக்கிழமை ஓய்வுநாளன்று ஒரு காலை மட்டும் மேயர் அந்தக் கட்டடத்தின் சாவியைத் தருகிறார். சுருளை நீயே கொண்டுவந்து, நீயே வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

உன் தங்கை
நெஹாமா

* * *

பியூனஸ் ஐரிஸ்
8 ஜூன் 2016

அன்புத் தங்கச்சி,

முழுவதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

எங்கள் ரபி முறைப்படி யூதராக ஏற்றுக்கொண்ட என் மருமகளை உங்கள் நாட்டு மதகுருமார் யூதர் என்று ஒப்பமாட்டார்கள். என் பேத்தி அங்கே கல்யாணம் செய்துகொள்ளக்கூட முடியாது. கொடுக்கும்போது மட்டும் நாங்கள் யூதர்கள், இல்லையா? நிர்வாகக் குழுவில் நான் கேட்க நினைத்ததை எனக்கு முன்னால் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. எழுந்து சொன்னேன்: "அங்க நம்மள மாதிரி தொழுறவங்க நிலவறையில கிடக்கிற வரைக்கும் என் மருமகளும் அந்த நிலவறையிலதான் கிடப்பா. சுருள் கொடுக்கிறது தர்மம் இல்ல. நம்ம வேலை." மாத்தே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்தினார்கள். சுருள் உனக்கு.

வாசிப்பது பற்றி. பத்து வயதில் அப்பாவிடம் கேட்டேன், "நான் சுருளைத் தொட்டா என்ன ஆகும்?" என்று. "ஒண்ணும் ஆகாது. ஆனா பொண்ணுங்க தொடக்கூடாது" என்றார். அறுபது வருடம் கழித்து இப்போதுதான் வேதத்தைப் பாடி வாசிக்கும் ராகம் கற்கிறேன். வாரத்துக்கு ஒரு வேதப் பகுதி உண்டே, காலண்டரில் பார்த்தேன், ஜூலை 23க்கு வருவது பிலேயாம் தீர்க்கதரிசியும் அவனுடைய பேசும் கழுதையும். சமையலறையில் நான் கழுதைக் குரலில் பாடினால் உன் அத்தான் வீட்டைவிட்டே வெளியே போகிறார்.

மிர்த்தா

* * *

நெவே ஷாகேத்
11 ஜூலை 2016

அக்கா,

முதலில் உட்கார். நீ அனுப்பிய ஒலிப்பதிவைக் கேட்டேன். குரல் அருமை, ராகம் சுத்தம். ஆனால் தப்பான வாரம்.

பஸ்கா பண்டிகையை இஸ்ரேலுக்கு வெளியே நீங்கள் எட்டு நாள் கொண்டாடுகிறீர்கள், நாங்கள் ஏழு நாள். இந்த வருடம் உங்கள் எட்டாம் நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அன்று நீங்கள் பண்டிகைப் பகுதியை வாசித்தீர்கள், நாங்கள் அடுத்த பகுதிக்குப் போய்விட்டோம். அன்றிலிருந்து நீங்கள் ஒரு வாரம் பின்னால் வருகிறீர்கள். கழுதை இங்கே வருகிற சனிக்கிழமையே பேசி முடித்துவிடும். நீ வாசிக்க வேண்டியது அதற்கு அடுத்த பகுதி, எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம். உன்னிடம் முன்பே சொல்லாதது என் தப்புதான். திட்டிக்கொள், ஆனால் வந்துவிடு.

நெஹாமா

* * *

பியூனஸ் ஐரிஸ்
13 ஜூலை 2016

நெஹாமா,

ஐந்து வாரம் அந்தக் கழுதையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன்! எழுபது வயதில், எழுத்துக்கு உயிர்க்குறியும் இல்லாமல் ராகக் குறியும் இல்லாமல் சுருளில் இருப்பதைப் பத்து நாளில் மனப்பாடம் செய் என்கிறாய். வரவில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுமுன் அந்தப் பகுதியை ஒருமுறை பார்ப்போமே என்று பிரித்தேன்.

செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள். அப்பா இறந்துவிட்டார், ஆண்பிள்ளை இல்லை. நேரே மோசேயின் முன்னால் போய் நின்று, எங்களுக்கும் இந்த நிலத்தில் பங்கு கொடு என்று கேட்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை, கடவுளிடம் போய்க் கேட்கிறார். அந்தப் பெண்கள் சொல்வது சரி, கொடு என்கிறார் கடவுள்.

நம் அப்பாவுக்கும் ஆண்பிள்ளை இல்லை, நெஹாமா. நாம் இரண்டு பேர்தான். மேஜைமேல் தலையை வைத்து அழுதேன். பிறகு எழுந்து முதல் வரியைப் படித்தேன்.

வருகிறேன். சுருளுக்கு விமானத்தில் என் பக்கத்து இருக்கை. பெல்ட் போட்டுத்தான் கொண்டுவருவேன்.

மிர்த்தா

* * *

நெவே ஷாகேத்
2 ஆகஸ்ட் 2016

என் அன்பான, அருமையான அக்கா,

பள்ளிக்கூடம் நமக்கு! ஏழுக்கு ஆறு! நேற்று மாலை நகரசபையிலேயே நாங்கள் பாடிவிட்டோம், காவலாளி வந்து வெளியே அனுப்பினார்.

இத்தனை நாள் உன்னிடம் ஒன்றை மறைத்தேன். உன் வாயில் எதுவும் நிற்காது, அதனால்தான். ஜூலை 23 காலை அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ சுருளைப் பார்த்து நின்றாய், ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால். "லாஹெம்" என்று வரும் இடத்தில் நீ "லாஹென்" என்று வாசித்தாய். பெண்களுக்குக் கொடு என்னும் இடத்தில் வேதம் ஏனோ 'அவர்களுக்கு' என்பதற்கு ஆண்பால் சொல்லைப் போட்டிருக்கிறது. நீ நியாயமாகப் பெண்பாலில் வாசித்துவிட்டாய். உடனே பின்னாலிருந்து யாரோ "லாஹெம்!" என்று கத்தினார்கள். நீயும் திருத்தி வாசித்துவிட்டுப் போனாய். நம் சபையில் யாரோ என்றுதானே நினைத்தாய்?

அது புஸாக்லோ. தன் ஜெபஆலயத்திலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில், வேவு பார்க்கத்தான் நின்றிருக்கிறார். குழந்தைகளுக்கு வைத்த தாழ்ந்த ஜன்னல், பாவம், மனிதர் இரண்டாக மடங்கி நின்றார். கத்திய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் அவர் கடை மிளகாய்ப்பொடி மாதிரி சிவந்துவிட்டது. நான் பார்த்ததை அவரும் பார்த்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று கூட்டத்தில் அவர் கட்சிக்காரர் ஒருவர் எழுந்தார். "அங்க நடக்கிறது தொழுகையே இல்ல, வாசிப்பும் வாசிப்பே இல்ல" என்றார்.

புஸாக்லோ எழுந்தார். "நான் கேட்டேன்" என்றார். "அந்தம்மா ஒரு எழுத்துல தப்பு பண்ணாங்க. நான் திருத்தினேன்."

தன் கட்சிக்காரர் பக்கம் திரும்பினார்.

"தோரா வாசிக்கும்போது தப்பு காதுல விழுந்தா திருத்தணும். அது கடமை. பாட்டுக் கச்சேரியில யாராவது திருத்துவாங்களா? நான் திருத்திட்டேன். அப்புறம் அது வாசிப்பு இல்லன்னு எந்த வாயால சொல்றது? அவங்க வழி எனக்குப் பிடிக்கல, நாளைக்கும் பிடிக்காது. ஆனா அது ஜெபஆலயம்." உட்கார்ந்துகொண்டே கையைத் தூக்கினார்.

அக்கா, நீ ஒரே ஒரு எழுத்தில் தப்பு செய்து எங்களுக்கு ஒரு கட்டடம் வாங்கிக் கொடுத்துவிட்டாய். சரியாக வாசித்திருந்தால் தோற்றிருப்போம்! இன்று காலை கடைக்குப் போனேன். நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார்: "உங்க அக்காகிட்ட சொல்லுங்க. ராகம் நல்லாருந்துச்சு. ஆனா லாஹெம்."

சுருள் புது அலமாரியில் இருக்கிறது. அடுத்த வருடம் உன் மருமகளையும் பேத்தியையும் அழைத்து வா. முதல் வரிசை அவர்களுக்கு.

உன் நெஹாமா

* * *

பியூனஸ் ஐரிஸ்
3 ஆகஸ்ட் 2016

என் தங்கமே,

படித்துவிட்டுக் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. ரபிக்குப் போன் செய்தேன், நிர்வாகக் குழுவில் அன்று முறைத்த அத்தனை பேருக்கும் செய்தேன். எல்லாரிடமும் ஒரே சொல்: கொடுத்துவிட்டார்கள். மருமகள் டிக்கெட் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பேத்தி வாசிக்கக் கற்கிறேன் என்கிறாள். இந்தத் தடவை காலண்டரை நீ அனுப்பு.

புஸாக்லோவிடம் சொல், லாஹெம், லாஹெம், லாஹெம். எழுபது தடவை எழுதிவிட்டேன். இனி மறக்காது.

ஆனால் நாங்கள் வரும்போது அந்த ஜன்னலைத் திறந்தே வை. பேத்தி புதுசு, தப்பு செய்வாள். மனிதருக்கு இடுப்பு வலிக்கும், வெளியே ஒரு நாற்காலியும் போட்டு வை.

மிர்த்தா