கடைசியாக வந்த எண்

குட்டிம்மாவுக்கு,

மாப்பிள்ளையின் கண்ணாடியும் டிபன் டப்பாவும் ஆய்வகத்தில் என் மேஜைமேல்தான் இருக்கின்றன. கொண்டுவந்து கொடுக்கக் கால் வரமாட்டேன் என்கிறது.

விபத்து விசாரணையில் கருவிக் கோளாறு என்று எழுதிவிட்டார்கள். கருவி மேல் பழியில்லை. வாயு சிலிண்டர் அறையின் ஆக்சிஜன் மீட்டரைக் கணினியோடு இணைக்கும் கன்ட்ரோலர் என் பொறுப்பு. மீட்டர் பதில் தராவிட்டால் அது கத்தும். ஒரு வயர் தளர்ந்துபோய், நாளுக்குப் பத்து முறை கத்தியது. "வீட்லதான் உங்க தங்கச்சி நச்சரிக்கிறான்னா, இங்க இதுவா மச்சான்? வாயை அடைச்சு விடுங்க" என்று மாப்பிள்ளை சிரித்தார். வயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பதில் வராதபோது கடைசியாக வந்த எண்ணையே திரும்பக் காட்டும்படி புரோகிராமில் ஒரு வரியை மாற்றினேன். அதோடு சத்தம் நின்றது.

அன்று வயர் முழுதாகக் கழன்றுவிட்டது. அறைக்குள் நைட்ரஜன் கசிந்து நிறைந்து, ஆக்சிஜன் குறைந்துபோனது. திரையில் மட்டும் ஆக்சிஜன் இருபத்தொரு சதவீதம் என்று அசையாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே போனார்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நான் மறுக்கமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் நீ ரயிலில் வந்துகொண்டே மூன்று முறை போன் செய்தாய். காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர், "மூச்சு சீரா இருக்கு" என்றார். உன்னிடம் அப்படியே சொன்னேன். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை, "எப்படிண்ணா இருக்காரு?" என்று கேட்டாய்.

"மூச்சு சீரா இருக்கும்மா" என்றேன்.

உன் அண்ணன்