வலி: பூஜ்ஜியம்

செவ்வாய், இரவு. மழை இன்னும் விட்டபாடில்லை.

சம்மணம் போட்டு உட்காரத் தோதாக எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் வடிவமைத்த செயற்கை முழங்கால் மூட்டை, ஆராய்ச்சிக்காகப் பொருத்திக்கொண்டவர்களில் செல்லம்மாக்காவும் ஒருவர். சித்தையன்கோட்டையில் பூப்பறிக்கப் போகிறவர். காலையில் பரிசோதனைக்கு வந்தபோது, பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்ல தாயி" என்றார். பூஜ்ஜியம் என்று எழுதினேன். பக்கத்திலிருந்த டாக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சாயங்காலம் செம்பட்டியில் அதே செல்லம்மாக்கா பஸ்ஸிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக, ஒவ்வொரு படியாக. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

"காலைல வலி இல்லன்னீங்களேக்கா?"

"அந்த மனுசன் அம்புட்டுப் பாடுபட்டுச் செஞ்சு வச்ச முட்டி. அவரு மூஞ்சிக்கு நேரா நோவுதுன்னு எப்புடித் தாயி சொல்லுவேன்? நீயும் சொல்லிறாத."

கோபம் வந்தது. யார்மேல் என்று வீடு வந்த பிறகுதான் புரிந்தது. இதுவரை எல்லாரையும் டாக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறேன். ஒருவரைக்கூடத் தனியாகக் கேட்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது டாக்டரே போன் செய்தார். "ரிப்போர்ட்டக் காலைல அனுப்பிரும்மா. இனி நெறையப் பேருக்கு வைக்கலாம்." செல்லம்மாக்கா விஷயத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். "சரி சார்" என்றுதான் வந்தது.

தாள்களை விரித்து வைத்திருக்கிறேன். செல்லம்மாக்கா பெயருக்கு எதிரே பூஜ்ஜியம். அதற்குக் கீழேயும் பூஜ்ஜியம். கடைசிப் பெயர் வரைக்கும் அதேதான். எல்லாம் என் கையெழுத்து.