சித்தப்பாவின் விரல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. உன் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன், ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. உன் சித்தப்பா மட்டும் நலமாக இல்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை, மூக்குதான் உடைந்திருக்கிறது, அதுவும் ரத்தம் வராமல். உடைத்தது நான்தான். போனில் சொன்னால் சிரித்துச் சிரித்துப் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் மருந்துக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து எழுதுகிறேன்.

போன வருடம் மைதானத்தில் நடந்ததை நீ மறந்திருக்கலாம், அல்லது மறந்த மாதிரி இருக்கலாம், நான் மறக்கவில்லை. நீ ராப்பகலாகப் பாகம் பாகமாகப் பூட்டிய ரிமோட் ஹெலிகாப்டரை முதல்முதலாக வெளியே கொண்டுபோன அன்று, கேப்டன் நான் இருக்கும்போது நீ எதற்கு என்று உன் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கினாரே. கேப்டன் என்பது கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் தலைகீழாகவெல்லாம் ஓட்டியதால் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பட்டம், மற்றபடி சோபா விற்கும் கடையில் மேனேஜர். அவர் கைக்குப் போன மாத்திரத்தில் அது தரையிலிருந்து துள்ளிச் சாய்ந்து, இறக்கை மண்ணில் அடித்துச் சிதறியது. பொண்ணு ஸ்க்ரூவைச் சரியாக முடுக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்க என்னவோ பண்ணிட்டீங்க சித்தப்பா என்று நீ வாய் திறந்ததற்கு, பெரியவரை எதிர்த்துப் பேசிவிட்டாய் என்று உன் அப்பா அங்கேயே உன்னை மன்னிப்புக் கேட்கவைத்தார். நீயும் கேட்டாய். அதன்பிறகு ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை, ஊரை விட்டுப் போகும்போதும் உடைந்ததை ஒரு பெட்டியில் போட்டு அலமாரி மேல் ஏற்றிவிட்டுப் போனாய். அவர் வந்து தேநீர் குடிக்கும்போதெல்லாம் சிரித்த முகத்தோடு கறுவிக்கொண்டிருந்தேன், இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடட்டுமா தம்பி என்று கேட்டபடியே.

அவரை எப்படி மடக்குவது என்று தெரியாமல்தான் உன் ரிமோட்டைக் கம்ப்யூட்டரில் சொருகி சிமுலேட்டரைத் திறந்தேன். முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே பறக்கவிடுவது என்றுதான் திட்டம். அடுப்படி வேலை முடிந்து உட்காருவேன், விழும், பொத்தானை அழுத்துவேன், புதிதாக ஒன்று வந்து நிற்கும். விழுந்தாலும் நஷ்டம் இல்லாத இடத்தில் விரலுக்கு என்ன பயம் இருக்கும் சொல். நீ ஒரு சுவிட்சைக் காட்டி எச்சரிப்பாயே, மேலே தள்ளினால் வேகத்தைக் கூட்டும் ஸ்டிக் அடியில் இருந்தாலும் மோட்டார் முழு வேகத்தில் சுற்றும் என்று, அதை ரிமோட்டை எடுத்ததுமே தள்ளிவிட்டுத்தான் நான் ஆரம்பிப்பேன். ஓரளவு கை படிந்ததும் உன் பெட்டியை இறக்கினேன், உடைந்த பாகங்களை மாடல் விமானக் கடையில் காட்டி மாற்றினேன். இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஹெலிகாப்டரைச் சாப்பாட்டு மேஜையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் மேலே இறக்கையைச் சாய்க்கும் தட்டு வலது பக்கம் சாய்கிறதா, வால் எந்தப் பக்கம் போகிறது என்று. சிமுலேட்டரில் சரியாக இருந்த வால் இங்கே நான் புதிதாக மாட்டிய பாகத்தால் தலைகீழாகப் போனது, அதை ரிமோட்டில் திருப்பி வைத்தேன். எல்லாம் முடிந்தது என்று ரிமோட்டை மறுபடி கையில் எடுத்தேன் பார், என் விரல் என்னைக் கேட்காமலேயே அந்தச் சுவிட்சை மேலே தள்ளியது. மோட்டார் அலறியது, மேஜை அதிர்ந்து தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. இறக்கை மட்டும் மாட்டியிருந்தால் இன்றைக்கு அம்மாவுக்கு முகம் இருந்திருக்காது. சுவிட்சை இறக்கி மோட்டாரை நிறுத்தினதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருடம் என்ன நடந்தது என்று அந்தக் கணமே புரிந்துபோயிற்று, சிமுலேட்டரில் பழகிய அவர் விரலும் இப்படித்தான் தள்ளியிருக்கும்.

அப்புறம் என் பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டேன். நான் பறக்கவிட்டால் அவர் ஒரு ஓரமாக நின்று கைதட்டிவிட்டுப் போய்விடுவார், எனக்கு அது போதாது. ஞாயிற்றுக்கிழமை காலையில், அன்றைக்கு இருந்த அதே கூட்டம் வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஹெலிகாப்டரை மைதானத்து மேஜையில் இறுக்கிக் கட்டினேன். இறக்கைகள் என் பையில். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னேன், மைதானப் பொறுப்பாளரிடம் மட்டும் விஷயத்தைக் காதில் போட்டேன். பிறகு குரலில் தேன் ஒழுக, நீங்கதானே தம்பி அனுபவசாலி, பறக்கவிடும் முன்னால் ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் என்று ரிமோட்டை நீட்டினேன். அவருக்குத் தலை கால் புரியவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வாங்கினார், வாங்கின கையோடு விரல் போய்ச் சுவிட்சைத் தள்ளியது. மோட்டார் போட்ட சத்தத்தில் பின்னால் பாய்ந்து நாற்காலியோடு மோதி நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. அந்த நிலையிலும், “யாரு இத ஆன் பண்ணது?” என்று எங்களைப் பார்த்துக் கத்தினார். உன் சித்திதான், கட்டின மனைவிதான் சொன்னாள், “உங்க விரல் இன்னும் அது மேலதாங்க இருக்கு.”

பொறுப்பாளர் சுவிட்சைக் கீழே இறக்கி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, அப்ப போன வருஷமும் இதே கதைதானா என்று கேட்டார். சித்தப்பா சுவிட்ச் லூசு என்றார், வெயில் என்றார், கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார், கடைசியில் ரிமோட்டை என்னிடமே நீட்டினார். இதோடு விட்டிருக்கலாம் என்று உன் அப்பா இன்னும் முணுமுணுக்கிறார். நான் விடவில்லை. “அன்னிக்கு எம் பொண்ணுகிட்ட ஒரு மன்னிப்பு வாங்குனீங்க தம்பி, அது உங்களோடது இல்ல, திருப்பிக் குடுங்க” என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன். சரி அண்ணி, ஃபோன் பண்றேன் என்றார். பிறகு ஹெலிகாப்டரை அவிழ்த்துத் தரையில் வைத்து, இறக்கைகளையும் பேட்டரியையும் மாட்டி முழங்கால் உயரத்துக்கு மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தி இறக்கினேன். ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, ஆனால் விழவில்லை. உடையாத பாகங்களில் நீ முடுக்கிய ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா என் தம்பியை இப்படியா என்று ஆரம்பித்தார், என் மகளை அப்படியா என்று கேட்டேன். இன்று காலை அவராகவே உன் ஹெலிகாப்டரைத் துடைத்து உன் மேஜையில் வைத்திருக்கிறார். நான் கண்டும் காணாமல் இருக்கிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்க அவர் முறையும் வரும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் தலை நிமிர்ந்து நன்றாக இரு, என் கண்ணே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சித்தப்பா ஃபோன் செய்வார். முதல் தடவை எடுக்காதே, கொஞ்சம் தவிக்கட்டும். எடுத்த பிறகு அவர் இழுப்பார், மழுப்புவார், சாப்பிட்டாயா என்பார், நீ சும்மாவே இரு, அந்த வார்த்தையை முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் உனக்கு வாய் துறுதுறுக்கும், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா. பரவாயில்லை சித்தப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே. பரவாயில்லை பரவாயில்லை என்றுதான் ஒரு வருடம் சும்மா இருந்தோம்.

உன் பக்கமே நிற்கும்,
அம்மா