போல்ட்டுக்கு மேலே கால்

மார்ச் 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஸ்கேட்போர்டுப் பலகை வந்துவிட்டது. கீழ்வீட்டு டெய்லரம்மா அதைப் பழைய திரைத்துணியில் சுற்றி, தையல் மெஷினுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். "உங்கக்கா என்னடி, வீட்டுக் கதவைக் கழட்டி அனுப்பியிருக்காளா?" என்று கேட்டார். பிறகு, "மேல உங்க வீட்டுல தெரியாதுல்ல?" என்றார். தெரியாது என்றேன். இப்போது என் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. அதில் ஏறி நின்று பார்த்தேன். சக்கரம் இல்லாததால் தரையில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. அப்பா காலை ஏழு மணிக்குக் காவல் வேலை முடிந்து வந்து, சாயங்காலம் ஆறு மணிவரை தூங்குகிறார். நாற்காலிக் கால்களுக்கு அம்மா கட்டிய துணி கறுத்துவிட்டது, புதிதாகக் கட்டியிருக்கிறாள். நீ போன பிறகு கரண்டித் தட்டுக்கு அடியிலும் ஒரு துண்டு விரித்திருக்கிறாள். போன வாரம் என் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அப்பா எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றார், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியவில்லை. அதற்குள் நான் தரையைத் துடைத்து, மறுபடியும் துடைத்துவிட்டேன்.

அம்மா தூங்கிய பிறகு எழுதுகிறேன். மாடிப்படி விளக்கு வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுகிறது. அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரிந்த மாதிரிதான். உனக்கே தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். சத்தம் வராத சக்கரமாக அனுப்பு. பின்சந்துதான் இருக்கிறது ஓட்டுவதற்கு. அப்பாவின் ஜன்னல் அதற்கு நேர்மேலே.

உன்,
பொடிசு

மார்ச் 9

அடி என் பொடிசே,

என்ன கடிதம் எழுதுகிறாய்? பரீட்சை விடைத்தாள் மாதிரி இருக்கிறது. எனக்கு இரண்டு திட்டாவது எழுதக் கூடாதா?

மீதிச் சாமான் எல்லாம் இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது. உன் செருப்பு அளவைப் பார்த்துத்தான் அகலம் குறைந்த பலகையாக எடுத்தேன். என் பழைய போர்டு உனக்குத் தோணி மாதிரி இருந்திருக்கும். ட்ரக் என்பது சக்கரத்தைத் தாங்குகிற இரும்பு. முதலில் அதன் நடு நட்டை இறுக்கியே வை, ஆடாது. பழகப் பழகக் கொஞ்சம் தளர்த்து. அப்போதுதான் உடம்பு சாயும் பக்கம் போர்டும் திரும்பும்.

சக்கரத்தில் இரண்டு செட் அனுப்பியிருக்கிறேன். பெரியது மெத்துச் சக்கரம். நீ கேட்டதுபோல் சத்தமே வராது. ஆனால் அதில் குதித்து இறங்கினால் பந்து மாதிரி எகிறும், ஒரு வித்தையும் ஒழுங்காக வராது. சின்னது கடினமானது. அது கத்தும். நான் வேலை செய்கிற சைக்கிள் கடைக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். சத்தத்தைக் கேட்டே நன்றாக இறங்கினோமா இல்லையா என்று சொல்லிவிடலாம். எது வேண்டுமோ நீயே மாட்டிக்கொள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதே. எப்படிக் குதித்தாலும் இறங்கும்போது கால் இரண்டும் போல்ட்டுக்கு மேலே இருக்க வேண்டும். ட்ரக்கைப் பலகையோடு இறுக்குகிற போல்ட்தான், முன்னால் நாலு, பின்னால் நாலு. அங்கே கால் வைத்தால் பலகை தாங்கும். நடுவில் இறங்கினால் முறியும். என் போர்டை அப்பா இரண்டு செங்கல் மேல் வைத்து, நடுவில்தானே குதித்தார்? அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே தெரிந்திருக்கிறது.

உன் கடைசிப் பரீட்சை 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை என்று டெய்லரம்மா போனில் சொன்னார். சனிக்கிழமை காலை பஸ் ஏறி வந்துவிடு. என் அறையில் இரண்டு பேர் படுக்கலாம், கொஞ்சம் ஒடுங்கிப் படுத்தால். இங்கே பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். விடுமுறைக்கு மட்டும் இல்லை. புரிகிறதா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 15, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

மாட்டிவிட்டேன். மெத்துச் சக்கரம்தான். கடினமான செட் பெட்டியில் இருக்கிறது, காலுறைக்குள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மெத்தையின் மேல் போர்டை வைத்துக் குதித்துப் பழகுகிறேன். பின்காலால் பலகையின் பின்முனையை அழுத்தி, முன்காலைத் தேய்த்து மேலே இழுக்க வேண்டும் என்று நீ இங்கே இருந்தபோது சொல்லிக்கொடுத்தபடிதான் செய்கிறேன். ஜியாமெட்ரி பாக்ஸ் உயரத்துக்குப் பலகை எழும்புகிறது. மெத்தை சத்தம் போடுவதில்லை. ஆனால் நான் இதுவரை நகர்ந்துகொண்டே குதித்ததில்லை, அக்கா. நின்ற இடத்திலேயேதான்.

சந்தில் ஒருமுறை உருட்டிப் பார்த்தேன். சக்கரம் பேசவில்லை. உள்ளே இருக்கும் பேரிங்தான் 'உஸ்ஸ்' என்றது. அதனால் ஒவ்வொரு பேரிங்குக்கும் சமையல் எண்ணெய் நிறைய விட்டேன். இப்போது 'உஸ்' கூட இல்லை.

சந்தோஷமாக இருக்கிறாயா என்று டெய்லரம்மாவிடம் கேட்கச் சொல்லியிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, எல்லாமே அப்படி இருக்கிறது. காலையில் பல் தேய்க்கிறேன். பள்ளிக்கூடம் போகிறேன். வருகிறேன்.

சனிக்கிழமை பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. நானும் வந்துவிட்டால் இந்த வீட்டில் சத்தம் போடாமல் இருப்பதற்கு அம்மா ஒருத்திதான் மிச்சம். நீ போன அன்றைக்கு நான் தூங்கவில்லை. நீ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். கூப்பிட்டால் சத்தம் வரும் என்று கூப்பிடவில்லை.

உன்,
பொடிசு

மார்ச் 20

பொடிசு,

சமையல் எண்ணெயா! கடை முதலாளியிடம் சொன்னேன். மனிதர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "உன் தங்கச்சி போர்டு ஓட்டப்போறாளா, பஜ்ஜி சுடப்போறாளா?" என்கிறார்.

எண்ணெயில் தூசி ஒட்டிச் சக்கரம் நின்றுவிடும். உடனே பேரிங்கை எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் அலசிக் காயவை. அதோடு, எண்ணெய் கசியும். கட்டிலுக்கு அடியில் பார்.

நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நேரில் பேசலாம். 28ஆம் தேதி நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். நீ வராவிட்டாலும் சாயங்காலம்வரை நிற்பேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

அக்கா

மார்ச் 25, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று மத்தியானம் டெய்லரம்மா கையில் கிடைத்தது. படித்துக்கொண்டே படியேறினேன். கதவைத் திறந்தபோது அப்பா விழித்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கட்டிலிலிருந்து வாசல்வரை சொட்டுச் சொட்டாக எண்ணெய். சத்தம் வரக்கூடாது என்று விட்ட எண்ணெய்.

"எண்ணெய் டின் ஒழுகுதான்னு பாத்தேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவர் எப்போது கத்தியிருக்கிறார்?

போர்டை எடுத்துக்கொண்டு சந்துக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். குழாயடியில் துணி துவைக்கிற இடத்தில் கிடந்த இரண்டு செங்கல்லை நிறுத்தி, அதன்மேல் போர்டை வைத்தார். பிறகு செருப்பைக் கழற்றக் குனிந்தார். ஒன்றைக் கழற்றி ஓரமாக வைத்தார். இன்னொன்றைக் கழற்றும்போது நான் போர்டின் மேல் ஏறி நின்றுவிட்டேன். முன்கால் முன் போல்ட்டுக்கு மேலே. பின்கால் பின் போல்ட்டுக்கு மேலே.

"இறங்கு."

நான் இறங்கவில்லை.

"இறங்குடி. சொல்றேன்ல?"

பயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். உள்ளங்காலில் பலகைமேல் ஒட்டிய சொரசொரப்புக் காகிதம்தான் தெரிந்தது. பலகை கொஞ்சம் வளைந்தது. முறியவில்லை. நாளைய கணக்குப் பரீட்சை ஞாபகம் வந்தது. அதுவும் அதுபாட்டுக்குப் போய்விட்டது.

டெய்லரம்மா கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். "என்ன சார், இன்னிக்குத் தூக்கம் வரலையா?"

"இது வீட்டு விஷயம்மா."

"சரி சரி. நான் சும்மா வெயில்ல நிக்கிறேன், உள்ள ஒரே புழுக்கம்" என்று அங்கேயே நின்றார். கையில் கத்தரிக்கோல் இருந்தது. வைத்துவிட்டு வர மறந்திருப்பார்.

அப்பா செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு மேலே போனார். என்னைத் தொடவில்லை.

டெய்லரம்மாவிடம் மண்ணெண்ணெய் வாங்கிப் பேரிங்குகளை அலசிக் காயவைத்தேன். தையல் மெஷின் எண்ணெயில் ஒவ்வொரு சொட்டு அவரே விட்டார். பிறகு காலுறையிலிருந்த கடினமான சக்கரங்களை எடுத்து மாட்டினேன். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, அப்பாவின் ஜன்னலுக்கு அடியிலேயே உருட்டினேன். அக்கா, அது சத்தமா? தகரக் கூரையில் ஜல்லியைக் கொட்டுகிற மாதிரி. திரும்பி வரும்போது நகர்ந்துகொண்டே ஒருமுறை குதித்தேன். கால் இரண்டும் போல்ட்டுக்கு மேலேயே இறங்கின. ஜன்னல் திறக்கவில்லை.

அப்பா சாயங்காலம் வழக்கம்போல வேலைக்குப் போனார். அதற்குப் பிறகுதான் அம்மா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்தாள். நடந்ததையும் சனிக்கிழமை பஸ்ஸையும் டெய்லரம்மா சொல்லியிருக்க வேண்டும். அம்மா தரையில் இருந்த எண்ணெயைத் துடைத்தாள். என் துணிகளை ஒரு பையில் அடுக்கி, "ஜன்னலோரமா உக்காராத, ஜலதோஷம் புடிக்கும்" என்றாள். "நீயும் வாயேன்மா" என்றேன். "முதல்ல நீ போ" என்றாள்.

சனிக்கிழமை வருகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் உன் வீட்டுக்கு வந்து சேரும். அப்போது சேர்ந்தே பிரிக்கலாம்.

படுக்கப் போவதற்கு முன்னால் அம்மா தரையில் உட்கார்ந்து, நாற்காலியின் ஒரு காலிலிருந்து துணியை அவிழ்த்தாள். ஒரு காலிலிருந்து மட்டும். "மத்த மூணும்?" என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கால் உயரம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வரி முடியும்போதும் சாய்ந்து 'டக்' என்கிறது. அம்மா புரண்டு படுக்கிறாள். தூங்கவில்லை. 'சத்தம் போடாதே' என்று சொல்லவில்லை.

உன்,
பொடிசு