தூக்கிய கை

டுலூத், மார்ச் 4, 2016

அன்புள்ள ரோண்டா,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் எல்டன் காதில் விழும். அதனால்தான் கடிதம்.

மூளை வளர்ச்சி குறைந்த என் மகன் எல்டனுக்கு ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை பிடித்துக் கொடுத்தாய். மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளம். கூடவே நின்று பழக்கியும் விட்டாய். நன்றி சொல்லி மாளாது. ஆனால் திங்கள் முதல் நீ போக மாட்டாய் என்கிறானே, நிஜமா?

அவன் முன்பு வேலை பார்த்த, அவனைப் போன்றவர்கள் மட்டுமே இருந்த அந்தப் பட்டறையில், பாத்ரூம் போகவும் கை தூக்கி அனுமதி கேட்க வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. வீட்டில்கூட நான் தலையாட்டினால்தான் மேசையை விட்டு எழுந்திருப்பான். நீ இல்லாவிட்டால் அங்கே யார் தலையாட்டுவார்கள்? ஒருநாள் ஈரக் கால்சட்டையோடு நின்றால் அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டான்.

மார்லிஸ்

மார்ச் 6

அன்புள்ள மார்லிஸ் அம்மா,

முதுகு பரவாயில்லை. விலகுவது நிஜம்தான்.

போன வாரம், இஸ்திரி மெஷினில் நிற்கும் லாவெர்ன் என்னிடம் வந்து, "எல்டன் எங்ககூட காபி குடிக்க வரலாமா?" என்று கேட்டாள். அவன் பக்கத்திலேயே துண்டு மடித்துக்கொண்டிருக்கிறான்.

"அவனையே கேளுங்களேன்."

"அட, உங்ககிட்ட கேக்கணும்னுல்ல நெனச்சேன்."

கேட்டாள். போனான். நான் நிற்கும்வரை எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள், அவனும்தான். கை தூக்காதே என்று சொல்லிக்கொண்டே நானும் தலையாட்டித் தொலைக்கிறேன். மாற்றுத்துணி அவன் பெட்டியில் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

அன்புடன்
ரோண்டா

மார்ச் 15

ரோண்டா,

மாற்றுத்துணி மடிப்புக் கலையாமல் கிடக்கிறதாம். அப்படியென்றால் பாத்ரூமுக்கு எப்படித்தான் போகிறான்? யார் அனுப்புகிறார்கள்? லாவெர்னிடம் மெல்ல விசாரித்துச் சொல்லேன். தெரியாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

மார்லிஸ்

மார்ச் 17

மார்லிஸ் அம்மா,

எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் விசாரிக்க மாட்டேன். அவனையே கேளுங்கள். என்ன சொன்னான் என்று தயவுசெய்து எனக்கும் எழுதுங்கள்.

ரோண்டா

மார்ச் 20

அன்புள்ள ரோண்டா,

நேற்று சாப்பிடும்போது கேட்டே விட்டேன்.

"கை தூக்குனேன். யாரும் பாக்கல. கை வலிச்சுது. போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா, வந்து துண்டு மடிச்சேன்."

இத்தனை நாள் நான் தூங்காமல் கிடந்தது இதற்குத்தான். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவனுக்கு என்ன வேடிக்கை என்று புரியவில்லை. உருளைக்கிழங்கை முடித்துவிட்டு எழுந்து பாத்ரூமுக்குப் போனான். கை தூக்கவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அவன் போன பிறகு பார்க்கிறேன், வெறும் நாற்காலிக்கு என் தலை ஆடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வா. அவனைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். கொஞ்ச நாள் என் பக்கத்தில் நின்று என்னையும் பழக்கிவிட்டுப் போ.

உன்
மார்லிஸ்