டாடியை அட்மிட் ஆகச் சொல்

லிங்கராஜபுரம், பெங்களூரு
டிசம்பர் 4, வியாழன்

அன்பு மகள் நிக்கோலுக்கு மம்மி எழுதுவது. இயேசுவுக்கே புகழ். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அந்த பர்மிங்ஹாம் குளிரில் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். டாடியும் சௌக்கியம் என்று சொல்லத்தான் எனக்கு உத்தரவு, ஆனால் அப்படி எழுதமாட்டேன். அவர் சௌக்கியமாக இல்லை. போனில் உன்னிடம் எதுவும் சொல்லக்கூடாது என்று மாதா படத்தின்மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார், என் வாட்ஸ்அப்பையும் தினம் எடுத்துப் பார்க்கிறார். காகிதத்தில் எழுதக்கூடாது என்று சத்தியம் வாங்க அவருக்குத் தோன்றவில்லை. கீழ் வீட்டு பிரிஸில்லா இதைப் போட்டோ எடுத்து அவள் போனிலிருந்து உனக்கு அனுப்புவாள். மாதா என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அங்கே உட்கார்ந்து பீன்யா ஃபவுண்டரிக்காரர்கள் நானூறு பேருடைய நுரையீரலை ஆராய்ச்சி பண்ணுகிறாய், யாருக்கு எந்த வருஷம் மூச்சு எவ்வளவு குறைந்தது, யார் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார்கள் என்றெல்லாம். நல்ல காரியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பீடிகூடத் தொடாமல் முப்பத்தொரு வருஷம் வார்ப்பு மணல் தூசியை இழுத்தே இந்த சி.ஓ.பி.டி. மூச்சுநோயை வாங்கிக்கொண்ட உன் டாடியும் போய் அதில் பெயர் கொடுத்தாரே, அன்றைக்கே நான் வேண்டாம் என்றேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டீர்கள். உனக்கு வருவதெல்லாம் நம்பர்தான், பெயர் வராது, அதனால் இங்கே நடக்கிற கூத்து உனக்குத் தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வைஷ்ணவிப் பெண் ஃபாரமும் ஊதுகிற மெஷினும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள், இருமல் அதிகமானதா, ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களா என்று கேட்பாள், ஆறு நிமிஷம் வராந்தாவில் நடக்கவிட்டு எத்தனை மீட்டர் என்று அளப்பாள். அவள் வரப்போகிறாள் என்றால் இந்த மனுஷன் இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்தே காலைப் பூசைக்கு முன் கோயில் காம்பவுண்டில் நடந்து நடந்து பிராக்டிஸ் பண்ணுகிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை அதே காம்பவுண்டில் மூச்சு முட்டி விழுந்துவிட்டார். அவரோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்த மைக்கேல்ராஜ்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். உதடெல்லாம் நீலம், விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் எண்பத்தாறு. டாக்டர் ‘ஈகலே அட்மிட் ஆகி’, இப்போதே சேர்ந்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். மருந்துப் புகை பிடித்துக் கொஞ்சம் தெம்பு வந்ததும் இவர் ‘நாளெ பர்த்தீனி சார்’ என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த நாளை ஆறு நாளாகியும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் டாடி ஏன் இன்றைக்கு இவ்வளவு அமைதி என்று கேட்டாயே, பேசினால் மூச்சு வாங்குவது தெரிந்துவிடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டு இருந்தார், இருமல் வரும்போதெல்லாம் போனைச் சீலிங் பக்கம் திருப்பினார். நானூறு பேர் மூச்சைப் படிக்கிறவளுக்குப் பெற்ற தகப்பன் மூச்சு தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே, வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

நேற்று டாடியையும் மைக்கேல்ராஜையும் உட்காரவைத்துப் பிடி பிடியென்று பிடித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. பீன்யா ஆட்களில் இத்தனை பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், பார்த்தாலே அழுகை வருகிறது டாடி என்று அக்டோபரில் நீ போனில் சொன்னாயாம். இவர் அதைத் தன் ஃபவுண்டரி மூளையால் புரிந்துகொண்டிருக்கிறார். அங்கே ஒன்றாக ஊற்றிய லாட்டில் ஒரு வார்ப்பில் விரிசல் கண்டால் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரம் தள்ளுவார்கள், அந்த லாட்டைப் பார்த்துக்கொண்டவனுக்குத்தான் திட்டு விழும். ‘பாப்பாவோட லாட்ல நானே ரிஜெக்ட் பீஸாப் போய் நிக்கணுமா? அவ பட்டம் வாங்கற வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிடுவேன்’ என்கிறார். அட கடவுளே, சிரிப்பதா அழுவதா? மைக்கேல்ராஜும் ‘அதுவும் கரெக்ட்தானேக்கா’ என்று தலையாட்டுகிறார், இரண்டு பேரையும் ஒரே துடைப்பத்தால் சாத்தவேண்டும். உடனே வைஷ்ணவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாவம் அந்தப் பெண், ‘நீங்க அட்மிட் ஆனா நிக்கோல் மேடத்துக்கு ஒண்ணும் ஆகாது அங்கிள், மறைச்சாதான் ஆராய்ச்சியே தப்பாப் போகும்’ என்று ஸ்பீக்கரில் அவருக்கே சொன்னாள். அது சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும் என்கிறார். பதினெட்டாம் தேதி அவள் வந்து அளந்துவிட்டுப் போகட்டும், பத்தொன்பதாம் தேதி அட்மிட் ஆகிறேன் என்று என்னிடம் பேரம் பேசுகிறார்.

பதினெட்டாம் தேதிவரை தாங்காது நிக்கி. இன்று காலை பாத்ரூமிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் மூன்று தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த ஃபாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறதாம், இறந்துபோனவர்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறதாம். முதல் கட்டத்தில் விழக்கூடாது என்று உன் டாடி நேராக இரண்டாவது கட்டத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார். இதைப் படித்த நிமிஷமே அவருக்குப் போன் போடு. பாடம் நடத்தாதே, பர்சென்டேஜ் சொல்லாதே, முக்கியமாக அழாதே, நீ அழுதால் இன்னும் கொஞ்சம் பிராக்டிஸ் பண்ணுவார். இன்றைக்கே அட்மிட் ஆகுங்கள் டாடி, எனக்கு நீங்கள் வேண்டும் என்று மட்டும் சொல். நான் முப்பத்துநாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், என்ன பிரயோஜனம். நீ ஒரு வார்த்தை சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நீயும் பிரெட்டையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, குல்லா போடாமல் வெளியே போகாதே. மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும், உனக்கு என் முத்தங்கள். துண்டு, லுங்கி, டாக்டர் சீட்டு எல்லாம் வைத்துப் பையைக் கட்டி வாசற்படியிலேயே வைத்துவிட்டேன். காலையிலிருந்து அவர் அதைத் தாண்டித் தாண்டித்தான் நடக்கிறார். மறக்காமல் உடனே கூப்பிடு.

உன் மம்மி,
மௌரீன் பெர்னார்ட்