முகம் பார்த்துக் கொடுத்த சோடி

என் அன்புக்கும் இன்னும் ஆறாத கோபத்துக்கும் உரியவரே,

நலமா என்று கேட்கமாட்டேன். போன இடத்தில் உங்களுக்கு ஒரு குறையும் இருக்காது. அங்கே புல் அறுக்கத் தேவையில்லை, கூடு கழுவத் தேவையில்லை, மாரி காலத்தில் ஈரமில்லாத இலை தேடி வாவிக்கரை நெடுக அலையத் தேவையில்லை. அதெல்லாம் இப்போது என் தலையில்.

தேத்தண்ணி கேட்டீர்கள். நான் ஊற்றிக்கொண்டு வருவதற்குள் கதிரையில் சாய்ந்துவிட்டீர்கள். ஒரு சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா? "சரோ, நான் போறன், முயலுக்குத் தண்ணி வெக்கல்ல" என்றாவது? செத்த வீட்டுச் சனத்துக்கு நடுவில் உங்கள் முயல்கள் பசியில் கூட்டுக் கம்பியைக் கடித்த சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது.

இந்த வளவு என் அம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி நீங்கள்தான் பெண் வீட்டுக்கு வந்தீர்கள், ஒரேயொரு றங்குப் பெட்டியுடன். அப்போது முயல் இருக்கவில்லை. இருந்திருந்தால் படலையிலேயே மறித்திருப்பேன். முயல் பிறகு வந்தது, ஒரு சோடியாக. அது எத்தனை சோடியானது என்று நீங்களும் எண்ணவில்லை, என்னையும் எண்ண விடவில்லை.

வளர்த்ததோடு நின்றீர்களா? அதுவும் இல்லை. வாகரை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்துகொண்டு, டிக்கட் பையை ஒரு தோளிலும் முயல் கூடையை மற்றக் கையிலும் தொங்கவிட்டு, வழியெல்லாம் சோடி சோடியாகக் கொடுத்தீர்கள். காசு வேண்டாம், முதல் ஈற்றில் ஒரு சோடியைத் திருப்பித் தந்தால் போதும், அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பேன் என்பது உங்கள் ஒப்பந்தம். மாட்டை வாரத்துக்கு விடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். முயலை அப்படி விட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு முன் எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிட்டு, கூடு நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு தையல் கொட்டில் போடுவது என்று முடிவெடுத்திருந்தேன். குசினி மூலையில் இருந்து பள்ளிக்கூட உடுப்புத் தைத்துத் தைத்து என் முதுகு வளைந்துவிட்டது. ஒரு ஜன்னல், நல்ல வெளிச்சம், காற்று. இவ்வளவும்தான் கேட்டேன். பெரிய ஆசையா அது?

ஆனால் முயல் குறைந்தால்தானே! நீங்கள் செத்த செய்தி பஸ் போகிற வழியெல்லாம் போனது. அதன் பின்னாலேயே உங்கள் முயல்கள் திரும்பி வரத் தொடங்கின. ஏறாவூரில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கிற நானா ஒரு நாள் படலையில் வந்து நின்றார், கையில் ஒரு மட்டைப் பெட்டி. உள்ளே இரண்டு குட்டிகள்.

"வேணாம் நானா, நீங்களே வெச்சிக்கங்க" என்றேன்.

"அதெப்படித் தங்கச்சி? மௌத்தானவருக்குக் குடுக்க வேண்டிய பொருள நான் வெச்சிருந்தா நாளைக்கி மறுமையில கேள்வி வரும். புடிங்க."

பிடித்தேன். வேறு என்ன செய்வது? அவருக்குப் பிறகு இன்னும் பலர் வந்தார்கள். நீங்கள் இருக்கும்போது சாக்குச் சொன்னவர்கள்கூட, செத்த பிறகு கடனை வைக்கப் பயந்து குட்டியோடு ஓடி வந்தார்கள். நான் ஒன்றைக் கொடுத்தால் இரண்டு வரும். ஒரு நாள் கூட்டுக்கு முன்னால் நின்று உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, பாவம், துக்கம் தாங்காமல் கதைக்கிறாள் என்று நினைத்துப் போய்விட்டாள்.

உங்கள் செல்லம் சீமாட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பெரிய வெள்ளைக்காரி உங்கள் மடியில் பஞ்சு மாதிரிக் கிடப்பாள். என் கை கூட்டுக்குள் போனால் கடி. தின்ன வத்தாளங்கொடி கொண்டுபோனாலும் கடி, பிலாக்கொழை கொண்டுபோனாலும் கடி. அவளுக்கு நான் என்ன குற்றம் செய்தேன்?

இப்போது வருகிறேன் உங்கள் பெரிய குற்றத்துக்கு.

பங்குனி வெயிலில் வாகரையிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெயர் புவனா. புருசன் கடலுக்குப் போகிறவன். இரண்டு கூடைகளில் இரண்டு முயல்களைத் தனித்தனியாகப் போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கதிரை போட்டேன், இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது கொண்டக்டர் அண்ணன் எனக்குத் தந்த சோடி. திருப்பிக் குடுக்கக் குட்டி இல்ல. இதுகளயே எடுத்துக்கங்க."

"ஏன் புள்ள, குட்டி போடல்லயா?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். "ரெண்டு வருசமாப் போடல்ல அக்கா. எனக்கும் கலியாணம் முடிச்சிக் கன காலம். புள்ள இல்ல. இப்ப அயல்ல கதைக்காங்க, அவள்ட வீட்டுல முயல்கூடப் பெறாதாம், அவள்ட கை அப்படியாம். மாமியும் ஒண்டும் சொல்லாம இருந்தவ, இப்ப அவவும் சொல்றா. என்னால கேட்டுக்கிட்டு இரிக்க ஏலா."

"எதுக்கு ரெண்டு கூட? ஒண்டுல போட்டுக் கொண்டு வந்திருக்கலாமே?"

"ஐயோ, சேத்துப் போட்டா ஒண்ட ஒண்டு கொல்லப் பாக்கும். காதெல்லாம் கிழிஞ்சிரிக்கி, பாருங்க. நடுவுல பலக வெச்சித்தான் வளத்தம். புருசன் பொஞ்சாதி சண்டதானே, எந்த வீட்டுல இல்ல எண்டு நினச்சம்."

அலுமாரியைத் திறந்து உங்கள் கண்ணாடியை எடுத்தேன். நான் வாங்கித் தந்து, நீங்கள் ஒரு நாளும் மூக்கில் வைக்காத அதே கண்ணாடி. முதல் முயலை மடியில் மல்லாத்தி, வால் பக்கம் விரலால் விலத்திப் பார்த்தேன். ஆண். இரண்டாவதைப் பார்த்தேன். அதுவும் ஆண். ஒருவேளை என் கண்தான் பிழையோ என்று வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தேன். சந்தேகமேயில்லை, இரண்டும் கட்டிளங்காளைகள்.

எத்தனை முறை சொன்னேன் உங்களுக்கு? குட்டியில் ஆண் பெண் பிடிபடாது, கண்ணாடியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள் என்று எத்தனை முறை? "முயல்ட மூஞ்சியப் பாக்க எனக்கி எதுக்குக் கண்ணாடி? பொம்புள முகம் எண்டா எனக்கித் தெரியாதா?" என்று சிரிப்பீர்கள். ஓடுகிற பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூடைக்குள் எட்டி முகத்தைப் பார்த்து, இது மாப்பிள்ளை, இது பெண் என்று தீர்ப்புச் சொல்லிக் கொடுத்துவிட்டு, விசில் அடித்துப் போய்விடுவீர்கள். நீங்கள் அடித்த விசிலில் பஸ் போய்விட்டது. இந்தப் பிள்ளை இரண்டு வருடம் அந்த இடத்திலேயே நின்று ஊர்ச் சொல் கேட்டிருக்கிறாள்.

"புள்ள, ரெண்டும் ஆண்" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"அப்ப என்ட கை இல்லயா அக்கா?"

"உன்ட கையுமில்ல, உன்ட வீடுமில்ல. எங்கட வீட்டு மனிசன்ட கண்!"

அப்போதுதான் அவள் கதிரையில் இருந்தாள். இருந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு வந்த அழுகையில் பாதி ஆத்திரம். நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு உங்களுக்குச் சோறு இல்லை.

அவளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் கொண்டுவந்த இரண்டில் காது குறைவாகக் கிழிந்தவனை ஒரு வெறுங்கூட்டில் விட்டு, இடம் பழகட்டும் என்று சாப்பிட்டு முடியும்வரை பொறுத்து, பிறகு சீமாட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவனிடம் விட்டேன். எங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். முயலில் தலைகீழ். பெண்தான் அவனுடைய கூட்டுக்குப் போக வேண்டும். மாற்றிச் செய்தால், தன் கூட்டுக்குள் வந்தவனைக் கடித்துக் குதறிவிடுவாள். இதை மட்டும் நீங்கள் எனக்கு ஒழுங்காகச் சொல்லித் தந்திருந்தீர்கள்.

காரியம் முடிந்ததும் அவன் ஒரு சத்தம் போட்டுப் பக்கவாட்டில் பொத்தென்று விழுந்தான். புவனா பதறிப்போனாள். "அக்கா, செத்துப்போச்சா?" அவர்கள் அப்படித்தான் விழுவார்கள், உடனே எழும்பிவிடுவார்கள் என்றேன். அவன் எழும்பி ஒன்றும் நடக்காத மாதிரி முகம் கழுவத் தொடங்கினான். அப்போது அவள் சிரித்தாள் பாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற சிரிப்பு.

சீமாட்டியையே கொடுத்தனுப்பினேன். கடிக்கிறவளைத் தள்ளிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். ஒழுங்காக ஈன்று வளர்க்கிறவள் அவள் ஒருத்திதான். சரி, கடிக்கிறவளும்தான்.

ஒரு மாதம் ஆகப்போகிற நேரம், விடியக் காலையில் ஃபோன்.

"அக்கா! சீமாட்டிக்கு விசர் புடிச்சிட்டு! நெஞ்சு மயிரெல்லாம் தானே புடுங்கிப் பெட்டிக்குள்ள போடுது! ஊத்த எண்டு எல்லாத்தயும் கூட்டி அள்ளிப் பெட்டியக் கழுவிட்டன்!"

"கழுவிட்டியா? அடியேய், அது புள்ளைக்குப் பாய் போடுது! அள்ளின மயிர் எங்க?"

"வேலிக்கு வெளிய கொட்டிட்டன்."

"ஓடிப் பொறுக்கு! பெட்டியத் துடச்சி, காஞ்ச வைக்கோல் போட்டு, அதுக்கு மேல போடு. மறுகா கிட்டப் போகாத, எட்டிப் பாக்காத, ஒரு சத்தமும் போடாத!"

கடற்காற்றில் அந்த ரோமம் எங்கே நின்றிருக்கும்? வேலி முள்ளிலும் தாழைப் பற்றையிலும் ஒட்டியதை அவளும் மாமியுமாக ஆய்ந்து பொறுக்கினார்களாம். சொல்லுங்கள், முயல் கொடுத்த ஒரு வீட்டுக்காவது இதைச் சொல்லி வைத்தீர்களா?

பிறகு ஃபோன் இல்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. நான் எடுத்தால் எடுபடவில்லை. பயந்த தாய் குட்டியை மிதித்துக் கொல்லும், தின்றும்விடும். அப்படி ஏதும் நடந்திருந்தால் அந்தப் பிள்ளை இனி ஊரில் தலை நிமிர்த்துவாளா? ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டுப் பிரித்தேன். பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன். முயல் பெறுவதற்கு நேர்த்தி வைத்த பொம்பிளை இந்தக் களுவாஞ்சிக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு வீடியோ வந்தது. வெள்ளை ரோமத்துக்குள் சிவப்புச் சிவப்பாக ஏதோ நெளிந்தது. புவனா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பின்னால் மாமியின் குரல்: "மூடு புள்ள, மூடு! பெத்த உடம்பு, காத்துப் படப்போகுது!" எனக்கு ஃபோன் எடுக்காததற்கும் காரணம் அந்த மாமிதான். சத்தம் போடாதே என்று நான் சொன்னதற்காக, ஃபோனை நிறுத்தி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாவாம்!

நேற்று உங்கள் ஆண்டுத் திவசம். படையலில் உங்களுக்குப் பிடித்த கோழியன் மீன் இல்லை, மரக்கறிதான். கோபிக்க வேண்டாம். நானா வந்தார், அயல் வந்தது, புவனாவும் வந்தாள், கையில் கூடையோடு. இப்போது வாகரையில் அவளுடைய கை ராசியான கையாம், அவள் கையால்தான் முயல் வேண்டுமென்று கேட்கிறார்களாம். போன வருடம் அதே வாய்கள் என்ன சொல்லின? கை என்ன செய்யும், கண்தானே பார்க்க வேண்டும்!

"அண்ணனுக்கு" என்று கூடையை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தாள். "ஒண்டு ஆண், ஒண்டு பெண்."

"எப்படித் தெரியும்?"

"மூஞ்சியப் பாத்தாத் தெரியுதே அக்கா!"

கண்ணாடியைப் போட்டேன். திருப்பிப் பார்த்தேன். இரண்டும் பெண்.

திவச வீடு என்றும் பாராமல் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உங்களைத் திட்டுவதற்குக் கதிரைப் பக்கம் திரும்பினேன். அங்கே நானா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கோபம் எல்லாம் சும்மா. என்னால் பொறுக்க முடியாதது இதுதான்: திட்டினால் பல்லைக் காட்டிச் சிரிக்கிற அந்த மனிசன் அங்கே இல்லை.

தையல் கொட்டில் இந்த வருடமும் இல்லை. அந்தப் பெண் குட்டிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதற்கு இங்கிருந்து ஓர் ஆணைச் சேர்த்தேன். நாளைக்கு வந்தாறுமூலையில் ஒரு வீட்டுக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோகிறேன். ரோமத்தைக் கூட்டி அள்ள வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வருவேன். இது உங்களுக்குத் தருகிற வாக்கு: திருப்பிப் பார்க்காமல் ஒரு சோடியும் இனி இந்த வளவுப் படலையைத் தாண்டாது.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதை எழுதுகிற,
உங்கள் மனிசி சரோ